தோழியின் பாட் மிட்ஸ்வாவுக்கு என்ன கொண்டு போவது?

நீங்கள் கேட்டது இது. நியூ ஜெர்சியில் ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்கு, அவளுடைய நெருங்கிய யூதத் தோழியின் பாட் மிட்ஸ்வாவுக்கு, அதாவது மதக் கட்டளைகளைத் தானே ஏற்கும் வயது வந்ததைக் கொண்டாடும் விழாவுக்கு, அழைப்பிதழ் வந்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் ஜெப ஆலயத்தில் வழிபாடு, மாலையில் விருந்து. குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன பரிசு கொடுப்பது, பணம் என்றால் எவ்வளவு, எப்போது கையில் தருவது, ஊரிலிருந்து வாங்கிவந்த வெள்ளிப் பிள்ளையார் ஒன்று வீட்டில் இருக்கிறதே, அதைக் கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார் வேண்டாம். நாம் எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் வேண்டாம். பத்துக் கட்டளைகளில், சிலை செய்யக்கூடாது, வணங்கக்கூடாது என்பது யூதர்களுக்கு அடிப்படையான கட்டளை. அந்தக் கட்டளைகளை இனி நானே ஏற்று நடப்பேன் என்று ஒரு பெண் சபை முன்னால் நிற்கிற நாளில் சிலை கொடுப்பது அவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தும். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்கள், வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். குத்துவிளக்கும் அப்படித்தான். நமக்கு அது பூஜைப் பொருள், அவர்களுக்கும் அது புரியும்.

நான் மதுரைக்காரி. கணவர் யூதர். நாங்கள் சேர்ந்திருப்பது யூத மதத்தில் மரபுக் கெடுபிடி குறைந்த சீர்திருத்தப் பிரிவு. தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர் என்பது பழைய விதி. அப்பா மட்டும் யூதராக இருந்தாலும், பிள்ளை யூதராக வளர்ந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு 1983-இல் முடிவெடுத்தது. அதனால்தான் என் மகனுக்குப் பார் மிட்ஸ்வா, அதாவது ஆண்பிள்ளைக்கான இதே விழா, நடந்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது. அன்று வந்த பரிசுகளில் எவை இன்னும் அவன் மேசையில் இருக்கின்றன, எவை கராஜில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கின்றன என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

பரிசுக்குப் போகும் முன்னால், அது என்ன விழா என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் இதை மஞ்சள் நீராட்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டு தங்கக் கம்மலும் பட்டுப்பாவாடையும் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். அது இல்லை. உடம்பு வளர்ந்ததற்கான சடங்கு அல்ல இது. ‘மிட்ஸ்வா’ என்றால் கட்டளை. ‘பார்’ என்பது அரமேய மொழியில் மகன், ‘பாட்’ என்பது எபிரேயத்தில் மகள். கட்டளைக்குக் கட்டுப்பட்ட மகன், மகள் என்று பொருள். ஆண்பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. பெண்ணுக்கு மரபுப் பிரிவுகளில் பன்னிரண்டு, மற்றவற்றில் பெரும்பாலும் பதின்மூன்று. சடங்கே நடக்காவிட்டாலும் அந்த வயது வந்ததும் அந்தப் பிள்ளை பார் மிட்ஸ்வாதான், பாட் மிட்ஸ்வாதான். அதுவரை பிள்ளையின் செயல்களுக்குப் பெற்றோர் பொறுப்பு. அன்றிலிருந்து அவளே பொறுப்பு.

இன்னொன்றும் உண்டு. சில பிரார்த்தனைகளைச் சொல்ல மரபுப்படி பத்துப் பெரியவர்கள் கூடியிருக்க வேண்டும். இந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதிஷ் பிரார்த்தனையும் அதில் சேரும். ஒன்பது பேர் இருந்தால் போதாது. பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தப் பத்தில் ஒருவராகக் கணக்கில் வருகிறது. ஆண்களை மட்டும் எண்ணும் சபைகளும் இருக்கின்றன. உங்கள் அழைப்பிதழில் அந்தப் பெண்ணே தோரா (யூத வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்கள் அடங்கிய சுருள்) வாசிப்பதாகப் போட்டிருப்பதால், அது பெண்களையும் சேர்த்து எண்ணும் சபையாகத்தான் இருக்கும்.

என் மகனுக்குப் பதின்மூன்றரை வயதிருக்கும்போது, எங்கள் சபையில் ஒரு முதியவர் மனைவியை இழந்தார். இறப்புக்குப் பின் ஏழு நாள் வீட்டில் துக்கம் காப்பார்கள், அதற்கு ஷிவா என்று பெயர். இரண்டாம் நாள் மாலை நல்ல பனி. ஆட்கள் வரவில்லை. ஃபோன் வந்தது, “பையனை அனுப்ப முடியுமா? ஒன்பது பேர்தான் இருக்கிறோம்.” காரை எடுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டேன். அவன் போய் நின்ற பிறகுதான் அந்த மனிதர் மனைவிக்காகக் கதிஷ் சொல்ல ஆரம்பித்தார். அவன் கையில் வைத்திருந்தது ஒரு சின்னப் பிரார்த்தனைப் புத்தகம், சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் பார் மிட்ஸ்வாவுக்குக் கொடுத்தது. உள் அட்டையில் பேனாவால், “உன்னைத் தேவைப்படும் இடத்துக்கு எடுத்துப் போ” என்று எழுதியிருந்தார். இருபது டாலர் கூட இருக்காது அதன் விலை. அதே விழாவுக்கு வந்த இருநூறு டாலர் ஹெட்ஃபோன் ஒரு வருடத்தில் உடைந்துபோயிற்று.

எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்: அந்தப் பிள்ளையை இனி பெரியவர்களில் ஒருவராக எண்ணுகிறோம் என்பதைப் பரிசு சொல்ல வேண்டும். பிறந்தநாள் பரிசிலிருந்து இது வேறுபடும் இடம் அதுவே. பதின்மூன்று வயதுக்குள் பன்னிரண்டு பிறந்தநாள் பரிசு வந்திருக்கும். இது வேறு.

சரி, பணம். பணம் கொடுப்பது தவறா என்றால் இல்லை, அதுதான் மிகச் சாதாரணமான வழக்கம். பெரும்பாலும் கல்லூரிக்குச் சேர்த்து வைப்பார்கள். ஆனால் தொகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் மொய் எழுதும்போது நூறு கொடுக்காமல் நூற்றியொன்று கொடுப்போம் இல்லையா, அதுபோல அவர்கள் பதினெட்டின் மடங்கில் கொடுப்பார்கள். எபிரேய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு. ‘ஹை’ என்ற சொல்லுக்கு உயிருள்ளது என்று பொருள். அதில் இரண்டு எழுத்து. ஹெத் எட்டு, யோத் பத்து. கூட்டினால் பதினெட்டு. (ஆங்கிலத்தில் இதை எழுதும்போது டீயைக் குறிக்கும் நம் சாய் மாதிரியே எழுதுவார்கள், குழம்ப வேண்டாம். ஹகரத்தைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்ல வேண்டும்.) ஆகவே 18, 36, 54, 72, 108, 180 என்று போகும். முப்பத்தாறுக்கு இரட்டை ‘ஹை’ என்றே பெயர். வகுப்புத் தோழி மட்டும் போனால் எங்கள் பக்கத்தில் 36 அல்லது 54 டாலர் வழக்கம். குடும்பமாகப் போகும்போது 108, நெருங்கியவர்கள் 180. உங்கள் வசதிக்கு மேல் போக வேண்டியதில்லை. நூறு டாலர் கொடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் 108 என்று பார்க்கும்போது, இவர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். அந்த எட்டு டாலருக்கு அவ்வளவு மதிப்பு. காசோலையைப் பிள்ளையின் பெயரிலேயே எழுதுங்கள், அப்பா அம்மா பெயரில் வேண்டாம்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கச் சொல்லும் வீடுகள் நிறைய. வருமானத்தில் பத்தில் ஒன்று என்பது பழைய கணக்கு. இதற்கு ட்ஸெடாக்கா என்று பெயர். நாம் தர்மம் என்று சொன்னாலும், அந்தச் சொல்லின் வேர் நீதி. இல்லாதவனுக்குக் கொடுப்பதை இரக்கமாகப் பார்க்காமல் கடமையாகப் பார்க்கிறார்கள். 1985-இல் லெனார்ட் ஃபைன் என்பவர் மேஸான் என்ற அமைப்பைத் தொடங்கி, கல்யாணமோ பார் மிட்ஸ்வாவோ எது நடத்தினாலும் செலவில் மூன்று சதவீதத்தைப் பசித்தவர்களுக்குக் கொடுங்கள் என்று அமெரிக்க யூதர்களைக் கேட்டுக்கொண்டார். விருந்து நடக்கும்போது பசித்தவனை மறக்கக்கூடாது என்பதுதான் எண்ணம். பல பிள்ளைகள் இந்த விழாவை ஒட்டி ஏதாவது ஒரு சேவையும் செய்வார்கள், மிட்ஸ்வா ப்ராஜெக்ட் என்று சொல்வார்கள். உணவு வங்கி, நாய்கள் காப்பகம், முதியோர் இல்லம் என்று ஆளுக்கொன்று. அழைப்பிதழோடு அதைப் பற்றிய சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் தொகையில் 18 டாலரைப் பிரித்து, அந்தப் பெண்ணின் பெயரில் அங்கே அனுப்பிவிட்டு, அட்டையில் ஒரு வரி எழுதலாம். பிள்ளைகள் இதைக் கவனிப்பார்கள். என் மகனுக்கு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட அட்டைகளில் நான்கு பேர்தான் அப்படிச் செய்திருந்தார்கள். அந்த நான்கு பெயரும் அவனுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இனி பொருள். இங்கேதான் தவறுவதும் எளிது, நன்றாக அமைவதும் எளிது.

முதலில், எதை நீங்கள் வாங்கக்கூடாது என்றால், தல்லித்தும் தெஃபிலினும். தல்லித் என்பது பிரார்த்தனையின்போது போர்த்திக்கொள்ளும் சால்வை, நான்கு முனையிலும் முடிச்சுப் போட்ட நூல்கள் தொங்கும். தெஃபிலின் என்பவை தோராவின் நான்கு பகுதிகளைத் தோலில் கையால் எழுதி உள்ளே வைத்த கருப்புப் பெட்டிகள், நெற்றியிலும் கையிலும் வாரால் கட்டிக்கொள்வார்கள். பல நூறு டாலர் ஆகும். இரண்டையும் பெரும்பாலும் தாத்தா பாட்டியோ பெற்றோரோ வாங்கித் தருவார்கள். அது அவர்கள் உரிமை, நாம் தாய்மாமன் சீரில் கைவைக்க மாட்டோம் இல்லையா. தவிர, கல்யாணத்துக்குப் பிறகுதான் தல்லித் போர்த்தும் வழக்கமுள்ள குடும்பங்களும் இருக்கின்றன.

ஆனால் தல்லித்தை வைக்க ஒரு துணிப்பை வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். என் அம்மா மதுரையிலிருந்து அதைத்தான் கொண்டுவந்தார். தன் பழைய காஞ்சிப்பட்டின் முந்தானையை வெட்டி, தையல்காரரிடம் கொடுத்து, அரக்கு நிறத்தில் ஜரிகை போட்ட ஒரு பை. கம்பளியும் லினனும் கலந்த துணியை உடுத்தக்கூடாது என்று யூத விதி ஒன்று உண்டு. பட்டில் அந்தச் சிக்கலே இல்லை. முந்தானையில் உருவம் எதுவும் வராமல் மாங்காயும் கோடுமாக இருக்கிற பகுதியாகப் பார்த்து எடுத்திருந்தார். அந்தப் பையைப் பார்த்துவிட்டு எங்கள் சபையின் மதகுருவான ரபி, “இவனுடைய இரண்டு பாட்டிகளும் இதில் இருக்கிறார்கள்” என்றார். சால்வை வாங்கித் தந்தது அப்பா வழிப் பாட்டி. உங்கள் வீட்டிலும் கிழிந்த பட்டுப்புடவை இருக்கும், ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பெண் தல்லித் போர்த்தப்போகிறாளா என்று. பெண்கள் போர்த்தாத சபையும் உண்டு, போர்த்தாத பெண்ணும் உண்டு.

வெள்ளிக் கிண்ணம், அதாவது வெள்ளிக்கிழமை இரவு திராட்சை ரசம் வைத்து ஆசி சொல்லும் கிடுஷ் கிண்ணம், எல்லோர் மனதிலும் முதலில் வரும் பரிசு. அதனாலேயே நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. பல ஜெப ஆலயங்கள் சபையின் சார்பாகவே ஒரு கிண்ணம் அல்லது வேதப்புத்தகம் கொடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் மூன்று கிண்ணம் இருக்கிறது. ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம்.

யாத் நல்ல பரிசு. தோராச் சுருளை வெறும் விரலால் தொடக்கூடாது. அதனால் வரியைச் சுட்டிக்கொண்டே வாசிக்க ஒரு சின்னக் கோல் வைத்திருப்பார்கள், முனையில் ஆள்காட்டி விரலை நீட்டிய சிறு கை. யாத் என்றாலே கை. வெள்ளி, மரம், கண்ணாடி என்று எல்லாவற்றிலும் கிடைக்கும். ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து, உயிர்க்குறியும் இராகக்குறியும் இல்லாத எழுத்தைப் படிக்கவும் பாடவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, மறுபடியும் வந்து வாசி என்று சொல்வது போல அது. எங்கள் சபையில் விழா முடிந்ததும் வருவதை நிறுத்திவிடும் பிள்ளைகள் அதிகம், அந்தக் கவலை எல்லா ரபிகளுக்கும் உண்டு. என் மகன் அடுத்த வருடமும் அதே பகுதியை வாசிக்க முன்வந்ததற்கு மேசையில் கிடந்த அந்தக் கோலும் ஒரு காரணம் என்றுதான் நம்புகிறேன்.

மெசூசா வாங்குவதானால் ஒரு விஷயம் தெரிந்து வாங்குங்கள். அது வாசல் நிலையில் வலப்பக்கம் பதிக்கும் சிறு கூடு. கடையில் அழகழகாக இருப்பது கூடு மட்டும்தான். உள்ளே இருக்க வேண்டியது தோலில் எழுத்தர் கையால் எழுதிய சுருள், தோராவின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தின் இரண்டு பத்திகள், 713 எழுத்துகள். ஓர் எழுத்து தவறினாலும் செல்லாது. அச்சடித்த காகிதத்தை உள்ளே வைத்து விற்பதும் நடக்கிறது, அது மெசூசாவே ஆகாது. கூட்டை மட்டும் வாங்கி, சுருளுக்கான தொகையைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. அவள் அறை வாசலுக்கு இப்போது, நாளைக்குக் கல்லூரி விடுதிக்கு. இதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. மெசூசாவைச் சாய்வாகப் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேராக நிற்க வேண்டும் என்றார் ராஷி என்ற பதினோராம் நூற்றாண்டு அறிஞர். படுக்கையாக இருக்க வேண்டும் என்றார் அவருடைய பேரன். இருவருக்கும் மரியாதை தரும் வகையில் சாய்த்து வைத்தார்கள் பிறகு வந்தவர்கள். ஒவ்வொரு முறை வீட்டுக்குள் நுழையும்போதும் அந்தத் தாத்தாவும் பேரனும் எனக்கு ஞாபகம் வருவார்கள்.

யூத அடையாளமான ஆறுமுனை நட்சத்திரச் சங்கிலி, ‘ஹை’ எழுத்துப் பதக்கம் எல்லாம் பெண்களுக்குப் பிரியமான பரிசுதான். ஆனால் வெளியே தெரியும்படி அடையாளம் அணிந்து பிள்ளை பள்ளிக்குப் போவதில் இப்போது சில பெற்றோருக்குப் பயம் இருக்கிறது. அவள் அம்மாவிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். இஸ்ரேலில் அவள் பெயரில் மரம் நடச் சொல்லிச் சான்றிதழ் தருவது இன்னொரு பழைய வழக்கம், 1901-இல் தொடங்கிய யூத தேசிய நிதி வழியாகச் செய்வார்கள். இஸ்ரேல் பற்றி ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு எண்ணம் இருப்பதால் அதையும் நெருங்கியவர்களுக்கு விட்டுவிடலாம். இனிப்புக் கூடை கொடுத்தால், யூத உணவு விதிப்படி செய்தது என்று காட்டும் கோஷர் முத்திரை பார்த்து வாங்குங்கள், ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘யு’ எழுத்து போட்டிருக்கும், அது மிகப் பரவலானது. வீட்டில் செய்த மைசூர்பாகு வேண்டாம். அவர்கள் கோஷர் பார்க்கிறவர்களா, எந்த அளவுக்குப் பார்க்கிறவர்கள் என்று தெரியாமல் சமைத்த பண்டம் தருவது சரியாக வராது.

இதையெல்லாம் எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவில் யூத அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் கடையில் நல்ல வேலைப்பாடு உள்ள பொருள்கள் கிடைக்கும். ஆனால் முதலில் அந்தப் பெண்ணின் ஜெப ஆலயத்திலேயே விசாரியுங்கள். பல ஆலயங்களில் பெண்கள் சங்கத்தினர் ஒரு சின்னக் கடை நடத்துவார்கள். இந்தப் பிள்ளைக்கு எது ஏற்கெனவே வாங்கியாயிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அங்கே வாங்கும் காசும் ஆலயத்துக்கே போகும்.

இப்போது, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன கொடுப்பேன் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும், வாராந்தர ஓய்வுநாளான ஷபாத் முடிகிறது. அதை வழியனுப்ப ஹவ்தலா என்று ஒரு சிறிய சடங்கு. கிண்ணத்தில் திராட்சை ரசம், பல திரிகளைப் பின்னிய மெழுகுவத்தி, வாசனைப் பொருள் வைத்த ஒரு பெட்டி. பெட்டியை ஒவ்வொருவராக வாங்கி முகர்ந்து அடுத்தவருக்குத் தருவார்கள். ஓய்வுநாள் போகிறதே என்ற வருத்தத்துக்கு அந்த வாசனை ஆறுதல் என்பார்கள். உள்ளே இருப்பது என்ன தெரியுமா? கிராம்பு, பட்டை, ஏலக்காய். பெட்டி இந்த வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஐரோப்பாவில் வெள்ளிக் கம்பியில் கோபுரம் போலச் செய்தார்கள். மீன், பழம், பூ வடிவத்திலும் உண்டு.

நம் ஊர் வெள்ளிக்கடையில் மயில் வடிவக் குங்குமச் சிமிழ் கிடைக்கும், பார்த்திருப்பீர்கள். புதிதாக ஒன்று, லட்சுமி உருவமெல்லாம் இல்லாமல் வெறும் மயிலாக வாங்குங்கள். வீட்டில் குங்குமம் வைத்துப் புழங்கியது வேண்டாம். பறவை, சிங்கம், மான் உருவங்கள் யூத வழிபாட்டுப் பொருள்களில் காலம்காலமாக இருப்பவைதான், தடையில்லை. அதில் ஏலக்காயும் கிராம்பும் சின்னதாக உடைத்த பட்டையும் நிரப்பி, ஹவ்தலாவுக்கு என்று எழுதி வையுங்கள். மயிலுக்கும் அவர்களுக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் தங்கமும் தந்தமும் குரங்கும் மயிலும் கொண்டுவந்ததாக எபிரேய வேதம் சொல்கிறது. அங்கே மயிலுக்கு வரும் சொல் ‘துக்கி’. நம் ‘தோகை’தான் கடல் தாண்டி அப்படிப் போயிற்று என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி, மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது. இந்தக் கதையை உங்கள் மகள் ஒரு சீட்டில் எழுதிச் சிமிழோடு வைக்கட்டும். நம் வீட்டிலிருந்து போகும் பொருள் அவர்கள் வீட்டில் வாராவாரம் கை மாறி வர இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு கடிதம். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கடையில் விற்கும் அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பவர்கள்தான் அதிகம். தோராவை வருடத்துக்கு ஐம்பத்துநான்கு பகுதிகளாகப் பிரித்து வாரம் ஒன்றாக வாசிக்கிறார்கள். எந்த வாரம் விழாவோ அந்த வாரப் பகுதிதான் அந்தப் பிள்ளைக்கு. அதைப் பற்றிச் சபையில் ஒரு சிறு உரையும் ஆற்ற வேண்டும். உங்கள் அழைப்பிதழில் ‘வயேரா’ என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அருமையான பகுதி. ஆபிரகாம் வெயில் நேரத்தில் கூடாரவாசலில் உட்கார்ந்திருக்கிறார். முன்பின் தெரியாத மூன்று பேர் வருகிறார்கள். வயதான மனிதர் எழுந்து ஓடிப்போய் வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மர நிழலில் உட்காரவைத்து விருந்து படைக்கிறார். அதே பகுதியில் பிறகு, சோதோம் நகரத்தை அழிக்கப்போவதாகக் கடவுள் சொல்லும்போது, ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவாயா, நாற்பத்தைந்து இருந்தால், முப்பது இருந்தால் என்று பேரம் பேசிப் பத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஆபிரகாம். விருந்தாளி வந்தால் ஓடுகிறவரும் அவர்தான், கடவுளிடம் எதிர்த்துக் கேட்கிறவரும் அவர்தான். உங்கள் மகள் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தபோது மதியச் சாப்பாட்டு மேசையில் முதலில் இடம் கொடுத்தவள் இந்தத் தோழி என்று எழுதியிருந்தீர்கள். அதையே அவள் எழுதட்டும். நீ படிக்கப்போகும் கதையில் வருவதை எனக்கு நீ ஏற்கெனவே செய்துவிட்டாய் என்று. எத்தனை பிழை இருந்தாலும் பரவாயில்லை, அவள் கையெழுத்தில், அவள் வார்த்தையில். நீங்கள் திருத்தாதீர்கள்.

கடிதத்தின் தலைப்பில் ‘மஸல் டோவ்’ என்று போடலாம். வாழ்த்துச் சொல்லாகப் புழங்கினாலும், மஸல் என்பது முதலில் நட்சத்திரக் கூட்டத்தைக் குறித்த சொல். நல்ல நட்சத்திரம் என்று நம் பாட்டிகள் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. தோரா வாசித்து இறங்கும்போது நேரில் சொல்ல ‘யஷேர் கோஆஹ்’. உன் பலம் உறுதியாகட்டும் என்று பொருள்.

பெண்பிள்ளைக்கு இவ்வளவு நடப்பதே புதிது என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சபை நடுவே நடந்த முதல் பாட் மிட்ஸ்வா 1922 மார்ச் 18-இல், நியூயார்க்கில். ரபி மொர்தகாய் கப்லானின் மகள் ஜூடித், பன்னிரண்டு வயது. அவரைச் சுருளிலிருந்து வாசிக்க விடவில்லை, சற்றுத் தள்ளி நின்று அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தார். எழுபது வருடம் கழித்து, 1992-இல், 82 வயதில் அவர் இரண்டாவது முறை பாட் மிட்ஸ்வா கொண்டாடினார். நீங்கள் போகும் ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் பலருக்குத் தங்கள் சிறுவயதில் இது கிடைத்திருக்காது. பேத்தி வாசிக்கும்போது அவர்கள் அழுவதைப் பார்ப்பீர்கள்.

கொடுக்கும் நேரம். ஷபாத்தில் பணத்தைத் தொடுவதில்லை, எழுதுவதில்லை, கட்டுப்பாடான வீடுகளில் பொருளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதும் இல்லை. சீர்திருத்தச் சபைகளில் இவ்வளவு கெடுபிடி இருக்காது. ஆனாலும் எந்தச் சபையானாலும் காலை வழிபாட்டுக்குப் பரிசோடு போகாதீர்கள், ஃபோனில் படம் எடுக்காதீர்கள். காசோலையை உறையில் வைத்து மாலை விருந்தில் தரலாம், வாசலில் பெட்டி வைத்திருப்பார்கள். சிமிழையும் கடிதத்தையும் மட்டும் வியாழக்கிழமைக்குள் அவர்கள் வீட்டில் சேர்த்துவிடுங்கள். நவம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும், அதனால் மாலை விருந்தை ஹவ்தலாவோடு தொடங்குவது நிறைய வீடுகளில் வழக்கம். உங்கள் ஏலக்காய் அன்றைக்கே மண்டபத்தைச் சுற்றி வரக்கூடும். காலையில் கையை வீசிக்கொண்டு போங்கள். வாசிப்பு முடிந்ததும் அவள் மேல் தூவ மெத்தென்ற மிட்டாய் கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொள்ளக் கை காலியாக இருக்கட்டும்.